முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நடை, சைக்கிள், நீச்சல், ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கானது. கழுத்து, எலும்பு முறிவு, கட்டி, தொற்று என்று வேறு காரணத்துக்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. இங்கே வரும் வாரங்களும் மாதங்களும் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படுபவை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்ஜன் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையே கேளுங்கள். உங்கள் முதுகைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

எனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று பெயர்கூடச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். எல்லாவற்றையும் "டிஸ்க் ஆபரேஷன்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆறாவது வாரமே சைக்கிள் ஓட்டினாராம் என்று கேள்விப்பட்டு நீங்களும் ஏறுவதற்கு முன், அவருக்கும் உங்களுக்கும் நடந்தது ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

மைக்ரோடிஸ்கெக்டமி என்றால், இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கிலிருந்து பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்த துண்டை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றில். துண்டு வெளியேறிய ஓட்டை டிஸ்க்கின் மேலுறையில் அப்படியே இருக்கும். அது ஆறும் வரை உள்ளே மிச்சமிருப்பது வெளியே வர வாய்ப்பு உண்டு. 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

லாமினெக்டமி என்றால், நரம்பு போகும் பாதை குறுகிப்போனதால் முதுகெலும்பின் பின்பக்கத் தகட்டை எடுத்து இடம் பண்ணியிருக்கிறார்கள். இதைச் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து உட்கார வேண்டியிருந்ததால், ஆபரேஷனுக்குப் பல வருடம் முன்பே நடையை விட்டவர்கள். முதுகு சீக்கிரம் தேறினாலும் மூச்சும் தொடைச் சதையும் பின்தங்கியிருக்கும்.

ஃப்யூஷன் என்றால் ஸ்குரூவும் கம்பியும் போட்டு இரண்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்ப்பது. "ஸ்குரூ போட்டாச்சு, இனி ஆடாது" என்று தைரியமாக இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். ஸ்குரூ பிடித்துக்கொண்டிருப்பது எலும்பு வளர்ந்து கூடும் வரைக்கும்தான். அதற்கு 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எலும்பு கூடவில்லை என்றால் ஸ்குரூவே தளர்ந்துவிடும். சிகரெட், பீடி பழக்கம் எலும்பு கூடுவதை நன்றாகவே கெடுக்கும்.

எப்போது நடக்க ஆரம்பிக்கலாம்?

அநேகமாக ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டிருப்பீர்கள். ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ பிசியோ வந்து எழுப்பி நடக்கவைப்பது இப்போது வழக்கம். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அந்த நடை உதவும்.

வீட்டுக்கு வந்ததும் 5 நிமிட நடையை ஒரு நாளில் நான்கைந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக 20 நிமிடம் வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், மைக்ரோடிஸ்கெக்டமி ஆனவர்களில் பலர் நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் நடக்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள். ஃப்யூஷன் ஆனவர்களுக்கு இன்னும் சில வாரம் பிடிக்கும்.

நடைக்குக் கிளம்பும்போது படுக்கையிலிருந்து நேராக எம்பி எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுந்திருங்கள்.

வெறும் நடையெல்லாம் ஒரு கார்டியோவா? ஜிம்முக்குப் போனால்தானே ஸ்டாமினா வரும்?

கார்டியோ என்றால் இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை தரும் பயிற்சி. படுத்துக் கிடந்த உடம்புக்கு நடையே பெரிய கார்டியோ. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில், 20 வயதையொட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடம்பு உச்சகட்டமாக ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அளந்தபோது, வயது கொண்டுபோனதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை கொண்டுபோனது அதிகம் என்று தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே மாதக்கணக்கில் கால்வலியால் முடங்கியிருந்த 50 வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். தெருமுனை வரை போய்வந்தால் மூச்சு வாங்குகிறதா? இதயத்துக்கு வேலை கிடைக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த நடை சுலபமான பிறகு வேறு பயிற்சிகளை யோசிக்கலாம்.

எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும்? நாடித்துடிப்பைப் பார்க்கணுமா?

முதல் சில வாரம் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிறகு, நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும். உச்ச நாடித்துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் சரிவராது. பிபிக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது; வாட்ச் காட்டும் எண்ணை நம்பி இன்னும் வேகமாக நடந்து களைத்துப்போவார்கள்.

நடக்கும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. தையல் போட்ட இடமும் அதைச் சுற்றியுள்ள சதையும் வலிப்பது, இறுகுவது, மாலையில் களைத்துப்போவது எல்லாம் சகஜம். கால்தான் முக்கியம். ஆபரேஷனுக்கு முன் புட்டத்திலிருந்து பாதம் வரை இழுத்த அந்தப் பழைய வலி திரும்பி வந்தாலோ, முட்டி வரை இருந்த வலி நடக்க நடக்கக் கணுக்கால் வரை இறங்கினாலோ அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். அப்படியும் வந்தால் சர்ஜனைப் பாருங்கள். வலி காலை விட்டு மேலேறி முதுகோடு நின்றால் பெரும்பாலும் நல்ல அறிகுறிதான், அப்போது முதுகு கொஞ்சம் அதிகமாக வலித்தாலும்கூட.

மறுநாள் காலையையும் பாருங்கள். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் என்று உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக 2 இருப்பது நடையின்போது 4 ஆகி, இரவுக்குள் 2-க்குத் திரும்பினால் பரவாயில்லை. காலையில் எழுந்தபோதும் 4-லேயே நின்றால் முந்தைய நாள் செய்தது அதிகம். காலண்டரில் எத்தனையாவது வாரம் என்று எண்ணுவதைவிட இது உருப்படியான கணக்கு.

மரத்துப்போன இடமும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நசுங்கியிருந்த நரம்பு மெதுவாகத்தான் தேறும். அது கூடிக்கொண்டே போகாத வரை நடையை நிறுத்தத் தேவையில்லை.

எதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். திடீரென்று பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் அப்படியே.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதை நீவிவிடவோ தைலம் தேய்க்கவோ கூடாது. அதோடு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸுக்கு 108. காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது தண்ணீர் மாதிரிக் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து படுத்தால் குறையும் தலைவலி ஆகியவற்றுக்கு அன்றைக்கே சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள்.

கார்டியோ செய்தால் டிஸ்க் மறுபடி பிதுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் இல்லாதவர்களே கிடையாது. ஆனால் நான் பார்த்த வரையில் நம்மவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

1999-இல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் குழு, ஆரோக்கியமான ஒருவரின் எல்4-எல்5 டிஸ்க்குக்குள் அழுத்தம் அளக்கும் கருவியைச் செலுத்தி, ஒரு நாள் முழுக்க அவர் செய்யும் காரியங்களை அளந்தது. சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). மெதுவாக ஓடும்போது ஏறி இறங்கினாலும் 1-ஐத் தொடவில்லை. நின்றபடி வெறுமனே முன்னால் குனிந்ததற்கு 1.1. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3.

ஒரே ஒருவரிடம் அளந்த எண்கள், அதுவும் ஆபரேஷன் ஆகாத முதுகு. அதனால் எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற வரிசை தெளிவாகத் தெரிகிறது. வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்களே தண்ணீர் கேன், அது 20 லிட்டர். அதாவது 20 கிலோ. காலையில் "டிஸ்க் போய்விடும்" என்று நடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டு, பத்து மணிக்குக் கேன்காரர் வந்ததும் குனிந்து தூக்கி உள்ளே வைப்பவர்களை என்ன சொல்வது?

நடைக்கு முன்னும் பின்னும் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஷூ லேஸ் கட்டக் குனிவது, "வார்ம் அப்" என்று கால்விரலைத் தொடுவது, நடந்து முடித்து வரும் வழியில் இரண்டு பை காய்கறி வாங்கிச் சுமப்பது, வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்குவது. லேஸ் இல்லாத ஷூ வாங்குங்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து காலை மேலே கொண்டுவந்து மாட்டுங்கள். படுத்து எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைச் சுத்தமாகத் தவிருங்கள். ராத்திரி முழுக்க டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது வளைத்தால் அழுத்தம் அதிகம். அந்த நேரத்தில் நடக்கலாம், அதில் தடையில்லை.

மொட்டை மாடியில் எட்டு நடை போடலாமா?

முதல் ஆறு வாரம் வேண்டாம். எட்டு வடிவத்தில் நொடிக்கு நொடி திரும்ப வேண்டியிருக்கும். இடம் சின்னதாக இருந்தால் காலை ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருகுவோம். மாடியில் நீளவாக்கில் நேராக நடந்து, முனையில் அகலமாக வளைந்து திரும்புங்கள். துணி காயப்போடும் கயிற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து போகாமல் அதை முதலில் அவிழ்த்துவிடுங்கள்.

சைக்கிள்?

வீட்டிலோ ஜிம்மிலோ இருக்கும் நிலையான சைக்கிள் என்றால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு, பெடலில் இறுக்கம் வைக்காமல், 5 நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சீட்டை உயர்த்தி, ஹேண்டில்பாரை இன்னும் உயர்த்தி, நிமிர்ந்து உட்காருங்கள். லாமினெக்டமி ஆனவர்களுக்கு லேசாக முன்னால் சாய்ந்தால் இதமாக இருக்கும், ஏனென்றால் அந்த நிலையில் நரம்புப் பாதை விரியும். டிஸ்க் எடுத்தவர்களுக்கு அதே சாய்வு வலியைக் கிளப்பலாம். ஆக, ஒருவர் சைக்கிளை வைத்து இன்னொருவர் அளவெடுக்க முடியாது.

ரோட்டில் சைக்கிள் ஓட்ட மூன்று மாதமாவது போகட்டும். பெடல் மிதிப்பதில் பிரச்சினை இல்லை, பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில்தான் பிரச்சினை. ஃப்யூஷன் ஆனவர்கள் எக்ஸ்ரே பார்த்த பிறகு கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

நீச்சல் முதுகுக்கு நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், காயம் முழுசாக மூடிய பிறகு. தையல் பிரித்தால் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சர்ஜன் பார்த்துச் சொல்லட்டும். ஃப்யூஷன் என்றால் பொதுவாக மூன்று மாதத்தையொட்டி.

முதலில் நீந்தவே வேண்டாம், தண்ணீருக்குள் நடங்கள். இடுப்பளவு நீரில் உடல் எடையில் சுமார் பாதியும், மார்பளவு நீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கும்தான் காலில் இறங்கும். நீரின் தடையால் மூச்சும் வாங்கும். எடை அதிகமுள்ளவர்களுக்கும் மூட்டுவலி சேர்ந்தே இருப்பவர்களுக்கும் இதைவிடச் சௌகரியமான கார்டியோ இல்லை. நீந்தும்போது மல்லாந்த நீச்சல் முதலில். தவளை நீச்சலும் பட்டாம்பூச்சி நீச்சலும் இடுப்பைப் பின்னால் வளைப்பதால் கடைசியில். ஊர்க் கிணற்றில் குதிப்பதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

நான் முன்பு தினமும் ஓடியவன். மறுபடி ஓட முடியுமா?

பலர் ஓடுகிறார்கள். மைக்ரோடிஸ்கெக்டமிக்குப் பிறகு மூன்று மாதத்தையொட்டி, ஃப்யூஷனுக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அதுவும் எலும்பு கூடியதை எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கேனிலோ பார்த்த பிறகு. சில சர்ஜன்கள் ஃப்யூஷனுக்குப் பிறகு ஓடவே வேண்டாம் என்பார்கள். காரணத்தைக் கேளுங்கள், எத்தனை எலும்பைச் சேர்த்தார்கள், மேலே கீழே உள்ள டிஸ்க்குகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். சேர்த்த இடம் அசையாததால் அடுத்த டிஸ்க் கூடுதல் பாரத்தை வாங்குகிறது.

மாதம் ஆகிவிட்டதாலேயே ஓடிவிடக் கூடாது. 45 நிமிடம் வேக நடை, மறுநாள் காலையில் வலி கூடாமல், இரண்டு வாரம் தொடர்ந்து முடிந்ததா? குதிகாலைத் தூக்கி விரல்களில் பத்தடி நடங்கள், அப்புறம் விரல்களைத் தூக்கிக் குதிகாலில் பத்தடி. விரல் நடையில் ஒரு பக்கம் தொய்ந்தால் எஸ்1 நரம்பு தரும் பலம் இன்னும் திரும்பவில்லை. குதிகால் நடையில் தொய்ந்தால் எல்5. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் 20 முறையும் ஆபரேஷன் பக்கக் காலில் எட்டு முறையும்தான் வருகிறது என்றால், ஓடும்போது அந்தக் கால் அதிர்ச்சியைத் தாங்காது, அது நேராக இடுப்புக்குப் போகும். முதலில் கெண்டைக்காலைத் தேற்றுங்கள்.

எல்லாம் சரி என்றால் ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை, இப்படி ஐந்து சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் சிக்கலில்லாமல் போனால் ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டி நடையை ஒரு நிமிடம் குறையுங்கள். பள்ளி மைதானத்து மண் தரை நல்லது. கடற்கரையில் ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். காய்ந்த மணலில் கால் புதையும். இரண்டும் முதல் சில மாதத்துக்கு வேண்டாம்.

பும்ரா ஐந்து மாதத்தில் வந்து பந்து வீசினாரே?

2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு ஆபரேஷன், ஆகஸ்ட்டில் அயர்லாந்தில் இந்திய அணிக்குத் தலைமை. உண்மைதான். ஆனால் அவருக்கு இருந்தது எலும்பில் அழுத்தத்தால் வந்த விரிசல், உங்களுக்கு டிஸ்க். தவிர, தேறுவதே அவருக்கு முழுநேர வேலை. கூடவே ஒரு மருத்துவக் குழு. நீங்கள் ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மிச்ச நேரத்தில் தேறுகிறீர்கள்.

பெல்ட் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

சர்ஜன் சொன்ன நாள் வரை, சொன்ன மாதிரி. அதற்குப் பிறகும் தைரியத்துக்காக மாட்டிக்கொண்டால், தாங்க வேண்டிய சதை வேலையே செய்யாமல் இருந்துவிடும். சில சர்ஜன்கள் பெல்ட்டே தருவதில்லை, அதனால் மறந்துவிட்டார் என்று மெடிக்கலில் போய் நீங்களாக வாங்க வேண்டாம்.

எனக்கு சுகர் இருக்கிறது.

அப்படியானால் மூன்று விஷயம். காயம் ஆற நாளாகும், அதனால் தண்ணீரில் இறங்க அவசரம் வேண்டாம். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போனால் சுகர் இறங்கலாம். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால் வெறுங்காலில் நடக்கவே கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அதையும் குனிந்து பார்க்காதீர்கள். தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூரிய நமஸ்காரம், ஸ்கிப்பிங், ஜூம்பா?

மூன்று மாதத்துக்கு மூன்றும் இல்லை. சூரிய நமஸ்காரம் முழுக் குனிவும் முழுப் பின்வளைவும் மாறி மாறி வருவது; யோகா என்பதால் மென்மையானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜிம்மில் துடுப்புப் போடுவது போன்ற ரோயிங் மெஷினையும் இதே பட்டியலில் சேர்த்து, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை கிரிவலம் எப்போது போகலாம்?

பாதை 14 கிலோமீட்டர். வேக நடையிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், பௌர்ணமிக் கூட்டத்தில் அதற்கும் மேல். வீட்டருகே 7, 8 கிலோமீட்டரை நின்று நின்றாவது நடந்து, மறுநாள் காலையும் நன்றாக இருந்தால் முயற்சி செய்யலாம். டிஸ்க் எடுத்தவர்களில் பலருக்கு மூன்று, நான்கு மாதத்தில் இது கைகூடும். பௌர்ணமியைத் தவிர்த்து வேறு நாளில் போங்கள். கூட்டத்தில் இடிபடாமல், நினைத்த இடத்தில் உட்காரலாம். வெறுங்கால் வேண்டுதல் என்றால் முன்கூட்டியே வீட்டருகே வெறுங்காலில் நடந்து பழகுங்கள், சுகர் இருந்தால் அதுவும் வேண்டாம். பாதியில் கால் இழுத்தால் ஆட்டோ கிடைக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கியதும் நடக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு நடங்கள்.

தினமும் 10,000 காலடி என்று வாட்ச் சொல்கிறது. எனக்கு 4,000 தான் வருகிறது.

அந்த 10,000, 1960-களில் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்த எண். ஆபரேஷன் ஆன முதுகை மனதில் வைத்துப் போட்டதல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அரை மணி நேர நடை வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். போன வாரம் 3,500, இந்த வாரம் 4,000 என்றால் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறீர்கள். வாட்ச்சில் இலக்கை 4,500 என்று மாற்றி வையுங்கள்.